கோபால்ட் ஃபெரைட்டுக்கு எந்தப் பக்கம் பிடிக்கும்?

பழைய ரேடியோ ஸ்பீக்கரைப் பிரித்து அதிலிருக்கும் வளையக் காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் கடற்கரையில் அலை கறுப்பாகக் கோடு போட்டுவிட்டுப் போன இடத்தில் அதைப் புரட்டினால் மீசை மாதிரி துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவது மேக்னடைட், அதாவது இரும்பு ஃபெரைட். கையில் இருக்கிற காந்தமும் ஃபெரைட்தான், பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்தது. இருவரும் சொந்தக்காரர்கள், ஆனால் குணம் வேறு. மணல் துகள் நாம் சொன்ன பக்கம் காந்தமாகிவிடும். ஸ்பீக்கர் காந்தம் தன் திசையை லேசில் விடாது. படிகத்துக்குப் பிடித்த திசை, பிடிக்காத திசை என்று இருப்பதைத்தான் காந்த அனைசோட்ரோபி என்கிறோம்.

மெல்லிய படலத்தில் இது இன்னும் வேடிக்கை. கோபால்ட் ஃபெரைட்டின் படிக அலகு 8.39 ஆங்ஸ்ட்ராம். மெக்னீசியம் ஆக்சைடில் இரண்டு அலகு சேர்ந்தால் 8.42. ஒன்றின் மேல் ஒன்றை வளர்த்தால் சுமார் 0.4 சதவீத இழுப்பு, அவ்வளவே! அதற்கே படலத்தில் படுத்திருக்க வேண்டிய காந்தம் எழுந்து நிற்கிறது.

ஏன் என்று கல்லூரி காந்தமானி சொல்லாது. அது தருவது மொத்தம் மட்டும். ஓட்டல் பில்லில் மொத்தத்தைப் பார்த்து யார் எத்தனை வடை தின்றார் என்று சொல்ல முடியுமா? எக்ஸ் கதிர் சொல்லும். இரும்பு 710 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்திலும் கோபால்ட் 780 பக்கத்திலும் கதிரை விழுங்கும். வட்ட முனைவுள்ள கதிரை வலமும் இடமுமாக மாற்றி அனுப்பி வித்தியாசம் எடுத்தால் ஒவ்வொரு தனிமத்தின் காந்தமும் தனித்தனியே தெரியும். எண்முகி இடத்தில் உட்கார்ந்த கோபால்ட்டில் எலக்ட்ரானின் சுற்றுப்பாதைப் பங்கு முழுதாக அணையாமல் மிச்சம் இருக்கிறது. படிகத்தின் இழுப்பை உணர்ந்து காந்தத்தைத் திருப்புவது முக்கியமாக அதுதான்.

"சிங்க்ரோட்ரானுக்கு நாம எங்கடா போறது, ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிடலாம்" என்கிற நண்பர்களுக்குத்தான் இது. 2005ல் முதல் ஒளி தந்த இண்டஸ்-2 இந்தூரில் இருக்கிறது. பல்கலைக்கழகக்காரர்களும் விண்ணப்பித்து நேரம் கேட்கலாம். இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட யுஜிசி-டிஏஇ ஆய்வுக் கூட்டமைப்பின் கிளை நமக்குப் பக்கத்திலேயே, கல்பாக்கத்தை ஒட்டிய கோகிலமேட்டில் இருக்கிறது. செங்கல்பட்டில் பஸ் ஏறி திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்விடலாம்.

மூன்று மாத ப்ராஜெக்டுக்குள் கதிர் நேரம் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படலத்தைப் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை அளக்கலாமே? போன வருஷம் நான் அளந்தேன். படுக்கையில்தான் சுலபமாகக் காந்தமானது. "படிக அனைசோட்ரோபி" என்று பெருமையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். தட்டையாக இருப்பதாலேயே எந்தப் படலமும் படுக்கத்தான் பார்க்கும் என்பதும், அந்தப் பங்கைக் கழித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பதும் அப்போது உறைக்கவில்லை. வைவாவில் யாரும் கேட்கவும் இல்லை, முழு மார்க் போட்டார்கள் :-)

அந்த மார்க்தான் இன்னும் உறுத்துகிறது. ஜூனியர்கள் யாருக்காவது அந்த ரெக்கார்டு வேண்டுமானால் தருகிறேன். தப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன்.