கைப்பேசித் தடையும் காட்டின் சாட்சியமும்

புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் அமைந்த சுற்றுலா மண்டலங்களில் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று கார்பெட் புலிகள் காப்பகம் தொடர்பான வழக்கில் 2025 நவம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் கானுயிர் ஒளிப்படக் கலைஞர்கள் தயக்கமின்றி ஏற்க வேண்டும். புலி தென்பட்ட செய்தி வண்டிக்கு வண்டி பறப்பதையும், அடுத்த சில நிமிடங்களில் ஜீப்புகள் அவ்விடத்தை மொய்ப்பதையும் அறியாதார் இத்துறையில் இல்லை.

ஆயினும், ஒளிப்படத்தின் முதற்கடமை காட்டின் அழகைப் போற்றுவதன்று, அதற்கு நேரும் கேட்டுக்குச் சாட்சி சொல்வதே என்று இவ்விதழ் நெடுங்காலமாக வலியுறுத்திவருவதற்கு இவ்வுத்தரவு ஊறு விளைவிக்கிறது. 2024 டிசம்பர் 31 அன்று மகாராட்டிரத்தின் உம்ரேட் கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் ஒரு பெண் புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் சுற்றுலா வண்டிகள் வழிமறித்து நின்றதை வெளிக்கொணர்ந்தவை அங்கு எடுக்கப்பட்டுப் பரவிய காட்சிகளே. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தாமாக முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டதும் அவற்றுக்குப் பிறகுதான். 600 மி.மீ. லென்சின் துளையை அகலத் திறந்து எடுக்கும் படத்தில் புலியின் மீசைமயிர் ஒவ்வொன்றும் துலங்கும். பின்னால் நெருக்கியடித்து நிற்கும் ஜீப்புகளோ பச்சை மங்கலாகக் கரைந்து மறையும். அகன்ற கோணமுடைய கைப்பேசிப் படத்தில்தான் வண்டிகள், புழுதி, விலங்குக்கும் மனிதருக்கும் இடையிலான தொலைவு ஆகிய அனைத்தும் ஒருசேரப் பதிகின்றன. படக்கோப்பினுள் தானே பதியும் நேரமும், இடப்பதிவு இயக்கத்தில் இருந்தால் இடமும் அடங்கிய எக்சிஃப் தரவு அதற்குச் சான்றாகிறது.

நுழைவாயிலும் வழிகாட்டியும் வண்டி உரிமமும் தன் கையிலேயே இருக்க, அத்துமீறலைத் தடுக்கத் தவறிய வன நிர்வாகம், அதனைக் காட்டிக்கொடுத்த கருவி மட்டும் வெளியே நிறுத்தப்படுவதில் நிம்மதி காண்பது எவ்வகையில் நியாயம்? வாழிடத்தை மாற்றாமலும் அதற்கோ விலங்குக்கோ பாதிப்பு நேராமலும் படமெடுக்கவே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதி தருகிறது. அந்நிபந்தனை மீறப்பட்டதை எவர், எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? உண்மையிலேயே அக்கறை இருப்பின், ஒவ்வொரு சுற்றுலா வண்டியிலும் நேரமும் இடமும் பதிவாகும் அகன்ற கோணக் கேமராவை வனத்துறையே பொருத்தி, அப்பதிவுகளைக் கேட்போர் பார்வைக்குத் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, உரிமத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எம் பங்காக, அடுத்த இதழ் முதல், பெரும்பாலூட்டிகளின் படங்களை எமக்கு அனுப்புவோர், கேமரா பதிந்தவாறே உள்ள திருத்தப்படாத ரா கோப்பையும், விலங்கு நின்ற சூழலைக் காட்டும் அகன்ற கோணப் படம் ஒன்றையும் இணைத்தே அனுப்ப வேண்டும்.