சரஸ்வதி கடாட்சமும் சாம்பிள் கூலியும்

திருப்பூரில் சித்திரம் படித்த பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி நாம் சிறிது எழுத வேண்டியது அவசியமாகிவிட்டது. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிக் கொண்டு, நெசவாளி மகனும் டெய்லர் மகளும் பனியன் கம்பெனி வாசலில் போய் நின்றால் என்ன பதில் கிடைக்கிறது? "பத்து டிசைன் போட்டுக் கொண்டு வா, பார்க்கலாம்" என்கிறார்கள். பத்தையும் வாங்கி வைத்துக் கொண்டு, "பையர் ஒன்றையும் எடுக்கவில்லை" என்கிறார்கள். கூலி என்று வாயைத் திறந்தால், "அனுபவம் கிடைத்ததே, அது போதாதா? கலை என்பது சரஸ்வதி கடாட்சம், அதற்கு விலை பேசலாமா?" என்று உபதேசம் நடக்கிறது.

பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் எடுப்பவனுக்குக் கூலி உண்டு. சாயம் கலக்குகிறவனுக்குக் கூலி உண்டு. துணியை மேஜையில் ஒட்டுகிறவனுக்கும் கூலி உண்டு. மூட்டையைத் தூக்கிப் போகும் வண்டிக்குக்கூட வாடகை உண்டு. இத்தனை பேருக்கும் வேலை உண்டாகும்படியாகப் படம் வரைந்தவனுக்கு மாத்திரம் ஆசீர்வாதமா? கடவுள் கொடுத்த வரம் என்பதால் கூலி கிடையாது என்றால், டாக்டர் புத்தியும் வக்கீல் நாக்கும் முதலாளியின் வியாபார சாமர்த்தியமும் யார் கொடுத்தவை? அவர்கள் பில் போடாமல் இருக்கிறார்களா?

நிற்க, இந்தச் சரஸ்வதியின் யோக்கியதையைத்தான் கொஞ்சம் பார்ப்போமே. வருஷந்தோறும் ஆயுத பூஜை அன்று திருப்பூர்ப் பட்டறைகளில் தையல் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்துக் கற்பூரம் காட்டுகிறார்கள். இவ்வளவு பூஜை நடக்கும் ஊருக்குப் படம் எங்கிருந்து வருகிறது? 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்து திருப்பூர்ப் பனியனை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனதிலிருந்து ஏற்றுமதி வளர்ந்து, 2024-25-ல் அது 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான ஆர்டர்களுக்குப் படமும் நிறமும் அளவும் குறித்த 'டெக் பேக்' இன்றைக்கும் அந்நிய நாட்டு ஆபீசிலிருந்துதான் வருகிறது. சரஸ்வதி என்ற பெயரைக் கேட்டறியாத நாட்டான் வரைகிறான்; அவளுக்குப் பொரி படைத்த நாம் தைத்துக் கொடுக்கிறோம். படத்துக்கு உரியவன் லாபத்தில் பெரும் பங்கை எடுத்துக் கொள்கிறான். தைத்தவனுக்குத் தையல் கூலி மிஞ்சுகிறது. இதில் கடாட்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலாளித் தோழர்களே சொல்லட்டும்.

பழியெல்லாம் முதலாளிமார் பேரில் மாத்திரம் போட்டுவிட நாம் தயாராயில்லை. கலைக் கல்லூரிகளுக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் இருந்து வருகிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படம் வரைந்தால் அவன் கலைஞன். பனியன் மார்பில் அச்சடிக்கும் படம் வரைந்தால் அவன் பட்டறைக்காரன். முன்னது உயர்ந்த ஜாதி, பின்னது தாழ்ந்த ஜாதி. கையால் உழைப்பவனைக் கீழே வைத்து, வாயால் ஓதுபவனை மேலே வைத்த அதே புத்திதான் இது. அந்தப் பிள்ளையின் தாத்தா தறிக் குழியில் உட்கார்ந்து நெய்தார் என்பதற்காக அவரைத் தாழ்த்தினார்கள். பேரன் அந்தத் துணியின்மேல் படம் வரைந்தால், அதையும் இழிவு என்று அவனே நம்பும்படி செய்துவிட்டார்கள். இழிவு என்று நம்புகிற வேலைக்கு எவனாவது தைரியமாகக் கூலி கேட்பானா?

இந்தப் பேதம் எவ்வளவு புரட்டு என்பதற்குச் சென்னைக் கல்லூரியின் சரித்திரமே சாட்சி. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதை ஆரம்பித்தபோது, கலையையும் கைத்தொழிலையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கவே ஆரம்பித்தார். பின்னால் அதே கல்லூரியின் பிரின்சிபாலாக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், படித்து முடித்தவர்கள் கலையை விட்டுக் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகிறார்களே என்று கவலைப்பட்டுக் கைத்தொழில் சங்கம் ஒன்று வைத்தார்கள். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அப்படி வந்த பணத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஏற்படுத்தினார்கள். எந்தத் தெய்வமும் வந்து பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. துணி விற்ற காசு கொடுத்தது. துணியில் வரைந்ததால் அவர்களுடைய ஓவியம் கெட்டுப் போய்விட்டதா?

பின்லாந்தைப் பாருங்கள். 1951-ல் தோன்றிய மரிமெக்கோ என்ற துணிக் கம்பெனி, கலைப்பள்ளியில் படித்து வந்த இளைஞர்களைக் கொண்டு படம் வரையச் செய்தது. அவர்களில் மாயா இசோலா என்ற பெண் 1964-ல் வரைந்த பெரிய பூப் படம் அறுபது வருஷம் கழித்தும் விற்பனையாகிறது. அந்தக் கம்பெனித் துணியின் ஓரத்தில் வரைந்தவர் பெயரை அச்சடித்து வருகிறார்கள். பெயர் போட்டதால் கம்பெனி முழுகிப் போகவில்லை. அந்தப் பெயரே சரக்குக்கு மதிப்பாயிற்று.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்து கொள்ள வேண்டும். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, சம்பளத்துக்கு இருப்பவன் தன் வேலையாக வரைந்ததும், பணம் பேசி வரையச் சொன்ன ஓவியமும், வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால் சொன்னவருக்கே சொந்தம். அப்படியானால் சம்பளமும் கொடுக்காமல் விலையும் பேசாமல் வாங்கி வைத்த பத்துப் படங்கள் யாருக்குச் சொந்தம்? வரைந்த பிள்ளைக்கே சொந்தம். 19-வது பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலொழிய அந்தப் பாத்தியதை கை மாறாது. காலம் குறிக்காமல் எழுதினால் ஐந்து வருஷம்தான் செல்லும். எந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மாத்திரம் என்றே கொள்ளப்படும். பாத்தியதையை விற்ற பிற்பாடும், "இதை வரைந்தவன் நான்" என்று சொல்லிக் கொள்ளும் உரிமையை 57-வது பிரிவு காப்பாற்றுகிறது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, சொந்தக்காரர் சம்மதத்தின்பேரில் யந்திர முறையில் 50 தடவைக்கு மேல் பிரதி செய்துவிட்டால், அதன் காப்புரிமை போய்விடும் என்கிறது 15-வது பிரிவு. 2009-ல் டில்லி ஹைக்கோர்ட்டு, மெத்தை நாற்காலித் துணிக்கென்று வரைந்த மாதிரிகளுக்கு இப்படித்தான் தீர்ப்புச் சொல்லிற்று. திருப்பூரில் 50 பனியன் என்பது எத்தனை நிமிஷ வேலை? ஆகவே துணிக்கென்று மாதிரி வரைகிறவர்கள், வெளியில் காட்டுவதற்கு முன்பே 2000-ஆம் வருஷத்து டிசைன் சட்டப்படி பதிவு செய்து கொள்வதே புத்திசாலித்தனம். இதையெல்லாம் கல்லூரியில் ஒரு மணி நேரமாவது சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பட்டம் வாங்கியவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக் கொள்ளட்டும்.

முதலாளிமார் இரண்டு சமாதானம் சொல்லுகிறார்கள். "இவர்களுக்குத் தொழில் தெரியாது, ஐந்து நிறம் போட்டால் ஐந்து ஸ்கிரீன் செலவு என்ற கணக்குக்கூடத் தெரியவில்லை" என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு என்றே ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் பட்டறைக்குள் கால் வைக்க விடாமல், நீந்தத் தெரியாதவன் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது என்ன நியாயம்? 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. தொழில் பழகுகிறவனுக்கும் மாதப்படி கொடுத்தாக வேண்டும் என்று அது சொல்லுகிறது. முன்பு மில்லுக்கு வந்த ஏழைப் பெண்களிடம், மூன்று வருஷம் உழைத்தால் கடைசியில் மொத்தமாகக் கல்யாணப் பணம் என்று சொல்லி, அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களமான பெயரும் வைத்தார்கள். இன்று சித்திரம் படித்த பிள்ளையிடம் அனுபவம் என்கிறார்கள். பெயர்தான் வேறு, பித்தலாட்டம் ஒன்றே.

இரண்டாவது சமாதானம், "இனிமேல் யந்திரமே படம் போட்டுவிடும்" என்பது. யந்திரத்தைக் கண்டு பகுத்தறிவுக்காரன் பயப்பட மாட்டான். ஆனால் யந்திரம் கக்கிய படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, எந்தத் துணியில் எந்தச் சாயம் நிற்கும் என்று பார்த்து, கழுத்தருகில் கோணாமல் வைப்பதற்குக் கண் பழகிய ஆள் வேண்டும். மேலும், எல்லோரும் ஒரே யந்திரத்தை வைத்து ஒரே மாதிரிப் படம் போட்டால் திருப்பூர்ச் சரக்குக்குத் தனி மதிப்பு எங்கிருந்து வரும்?

செய்ய வேண்டிய காரியங்கள் நான்கு. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சாம்பிள் படத்துக்கு இவ்வளவு கூலி என்று முன்கூட்டியே பேச வேண்டும். எந்தப் படமும் காகிதத்தில் கையெழுத்தாகாமல் கை மாறக் கூடாது. கல்லூரிகள் கடைசி வருஷத்தில் மாணவர்களைப் படியுடன் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். சித்திரக்காரர்கள் சங்கமாகச் சேர வேண்டும்.

கடைசியில் சொன்னதே முதன்மையானது. 1984-ல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங் என்று வேலைக்கு வேலை கூலி பேசும் வழக்கம் போராடி வந்தது; பூஜையால் வந்ததல்ல. "நான் தொழிலாளி அல்ல, கலைஞன்" என்று விலகி நிற்கும் வரை சித்திரக்காரனுக்குக் கலைஞன் என்ற பட்டமும் காலி வயிறுமே மிச்சம்.

தோழர்களே! உங்கள் கை வேலை உங்கள் கையினுடையது. நான்கு வருஷம் கண் வலிக்கப் பழகியது. அதற்குச் சரஸ்வதியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அடுத்த முறை "பத்து டிசைன் கொண்டு வா" என்றால், பத்துக்கும் என்ன கூலி என்று முதலில் கேளுங்கள்.