கார் விற்கிறவரே இன்சூரன்ஸும் விற்கலாமா?

புது கார் எடுக்கப் போறவங்க ஒரு ஃப்ளோர் மேட்டை இலவசமா வாங்க அரை மணி நேரம் பேரம் பேசுவாங்க. அதே கொட்டேஷன்ல கீழே 'இன்சூரன்ஸ்'னு ஒரு வரி இருக்கும். அதைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. அந்த வரியை ஷோரூம்காரர் ஏன் எழுதணும்ங்கிறதுதான் என் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 கட்டாயம்னு சொல்றது தேர்ட் பார்ட்டி பாலிசியை மட்டும்தான். புது காருக்கு 2018 செப்டம்பர்ல இருந்து அதை மூணு வருஷத்துக்குச் சேர்த்து எடுக்கணும். ரேட்டை அரசாங்கமே நிர்ணயிக்குது, அதனால அங்கே பெருசா விளையாட முடியாது. விளையாட்டெல்லாம் நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியில. தள்ளுபடியும் அங்கேதான், கமிஷனும் அங்கேதான்.

மாருதி மாதிரி கம்பெனி இதுக்குன்னே தனியா ஒரு இன்சூரன்ஸ் புரோக்கிங் நிறுவனம் வச்சிருக்கு. விற்கிறது கார் கம்பெனி பேர்ல. ஆனா விபத்துன்னா பணம் தரப்போறது வேற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. டீலர்கள் பாலிசி விற்க 2017-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தனி விதிமுறையே கொண்டு வந்தது. வாங்கறவரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. கட்டாயம் எதுக்கு, பயம் போதாதா? "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார், அப்புறம் எங்களைச் சொல்லாதீங்க"ன்னு ஒரு ஷோரூம்ல எங்க சித்தப்பாகிட்ட சொன்னாங்க. மனுஷர் உடனே கையெழுத்துப் போட்டுட்டார். கேஷ்லெஸ்ங்கிறது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவுல இருக்கிற ஏற்பாடு. பாலிசியை யார்கிட்ட வாங்கினோம்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

கமிஷன் போனாப் போகட்டும். என் கோபம் பில் மேல. பம்பர் உடையுதுன்னு வைங்க. பம்பரோட விலையை வைக்கிறது கார் கம்பெனி. மாட்டி பில் போடறது அவங்க டீலர். அந்த பில் அதிகம்னு சண்டை போட வேண்டிய ஒரே ஆள் இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனா அதுக்கு வருஷா வருஷம் பிசினஸ் பிடிச்சுத் தர்றதே இதே கார் கம்பெனியோட புரோக்கர்! ரொம்ப முறைச்சா அடுத்த வருஷம் லிஸ்ட்ல பேர் இருக்குமா?

ஆடிட்டிங் படிச்சவங்களுக்கு இது உடனே உறைக்கும். ஒரு கம்பெனியோட ஆடிட்டர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாதுன்னு கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 144 தடுக்குது. கார் விஷயத்துல மட்டும் ஏன் கண்ணை மூடிக்கறோம்?

கடைசியில அடி நமக்குத்தான். சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை தேய்மானம்னு கழிச்சுடுவாங்க. 20,000 ரூபாய் பம்பர்ல 10,000 நம்ம பாக்கெட்ல இருந்து. (அதுக்குத்தான் 'ஜீரோ டெப்' இருக்கேன்னு அதே கவுண்டர்ல இன்னொண்ணு விற்பாங்க!) அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லாம சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் அந்த ஒரு கிளெய்ம்ல போயிடும். உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம வச்சிருந்தாங்கன்னு 2014-ல போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. மேல்முறையீட்டுக்குப் போச்சு, அது வேற கதை. ஆனா சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததில்லைங்கிறது தெரியுதில்ல?

"டெஸ்லா 2019-லயே கலிஃபோர்னியாவுல சொந்த இன்சூரன்ஸ் ஆரம்பிச்சுதே"ன்னு என் கிளாஸ்மேட் ஒருத்தன் வாதாடினான். நல்ல பாயிண்ட்தான். கிளெய்ம் பணத்தைக் கார் கம்பெனியே தன் கையில இருந்து தரணும்னா, பம்பர் விலை ஏறினா நஷ்டம் அதுக்கும்தான். சீக்கிரமா, மலிவா ரிப்பேர் ஆகிற காரைச் செய்யணும்னு தோணும். அப்படி முழு ரிஸ்க்கையும் ஏத்துக்கிட்டு, முறையா லைசென்ஸ் வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி நடத்தட்டும், நான் எதிர்க்கலை. ரிஸ்க் வேற ஒருத்தருக்கு, கமிஷனும் ரிப்பேர் பில்லும் எனக்குன்னு உட்கார்ந்திருக்கிற இந்த புரோக்கர் ஏற்பாட்டைத்தான் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தடை பண்ணணும். அதுவரைக்கும் கொட்டேஷன் வாங்கும்போது இன்சூரன்ஸ் வரியை அடிச்சுட்டு மீதிக்கு மட்டும் விலை கேளுங்க. கார் தர மாட்டோம்னு சொன்னா எழுத்துல கேளுங்க. எழுதித் தர மாட்டாங்க.