கூலி வாங்கியவனும் கூலி கொடுத்தவனும்

ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டால் புளியங்குடிப் பக்கம் போலீஸ் வண்டிகள் கூடிவிடும். ஆகஸ்ட் 20 பச்சேரியில் ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பிறந்தநாள். இரண்டையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது பல வருஷங்களாக நடக்கிற காரியம். அந்த நாட்களில் டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "யூசுப்கான் யாரு? கும்பினிக்காரன்ட்ட கூலி வாங்கித் தின்னவன்லா? நம்ம கோட்டையை இடிச்ச கூலிப்படைக்காரன்." எதிர் பெஞ்சிலிருந்து பதில் வரும்: "வெள்ளைக்காரனை எதுத்துத் தூக்குல தொங்குன மனுசன்வே அவரு. மருதநாயகம்னா சும்மாவா?"

துரோகியா, மாவீரனா? இந்தக் கேள்வியே கோணல் என்கிறேன். இரண்டு பெஞ்சும் பேசுவது கூலி வாங்கியவரைப் பற்றி. கூலி கொடுத்தவனைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

யூசுப்கான் கும்பினியின் சிப்பாய்ப் படையில் பெயர் வாங்கியது 1752 முதல் 1754 வரை நடந்த திருச்சி முற்றுகைச் சண்டைகளில். 1756இல் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டார். வாசுதேவநல்லூர்க் கோட்டையில் ஒருமுறை அடி வாங்கித் திரும்பினார். 1761இல் அந்தக் கோட்டையும் நெற்கட்டும்செவலும் அவர் கையில் விழுந்தன. பிறகு ஆற்காட்டு நவாபுடன் பகை. 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அடுத்த வருஷம் சொந்த திவான் சீனிவாசராவும், தன் பக்கம் சேவகத்தில் இருந்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கு.

சரி, கூலிப்படைக்காரர் ஒழிந்தார். தொல்லை தீர்ந்ததா? இல்லை. 1767இல் கர்னல் டொனால்டு கேம்பல் படையோடு வந்து அதே வாசுதேவநல்லூர்க் கோட்டையை மறுபடி அடித்தார். மூன்று வருஷத்துக்குள் ஆள் மாறிவிட்டது, அனுப்பியவன் மாறவில்லை. என் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சம்பளம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நவாப் முகமது அலிக்குத் தன் அரியணையைக் காக்க கும்பினிப் படை வேண்டும். படைச் செலவு நவாப் தலையில். கையில் காசில்லாததால் சென்னையிலிருந்த கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்கு வாங்கினார். வட்டியைக் கட்டப் பாளையங்களிலிருந்து கிஸ்தி வர வேண்டும். கிஸ்தி தானாக வராது, படை போய் வாங்க வேண்டும். அந்தப் படைக்கு மறுபடி செலவு. ஆக, வாசுதேவநல்லூர் வயற்காட்டில் விளைந்த நெல்லே காசாகிச் சென்னை போய், வெடிமருந்தாகித் திரும்பி வந்து வாசுதேவநல்லூர் மதில்மேல் விழுந்தது. தன்னை அடிக்கிறவனுக்குத் தானே சம்பளம் கொடுத்த சம்சாரிக்கு எந்த ஊரில் சிலை இருக்கிறது?

இந்தக் கடன் கூத்தை எட்மண்ட் பர்க் 1785இல் லண்டன் பாராளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். பால் பென்ஃபீல்டு போன்ற வட்டிக்காரர்களின் பெயரைச் சொல்லியே பேசினார். நம் மேடைகளில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கடன் முற்றிய நிலையில், 1781இல் கர்நாடக வருவாய் கும்பினி கையில் ஒப்படைக்கப்பட்டது. 1801 ஜூலை 31 உடன்படிக்கையோடு நாடே கைமாறியது. இதில் யூசுப்கானின் வாளுக்கு இருந்த பங்கைவிட வட்டிக் கணக்குக்கு இருந்த பங்கு பெரிது.

நம்மிடம் இன்னொரு ஓரவஞ்சனையும் உண்டு. துரியோதனன் சோற்றைத் தின்ற கர்ணன் அவனுக்காகச் செத்தால் 'செஞ்சோற்றுக் கடன்' என்று கண் கலங்குகிறோம். அதே சோற்றைக் காசாக வாங்கியவனைக் 'கூலிக்கு மாரடிக்கிறவன்' என்கிறோம். எஜமானன் நமக்குப் பிடித்தவனென்றால் கடன், பிடிக்காதவனென்றால் கூலி. பாளையத்தில் வேல் பிடித்தவனுக்கும் வயிறு இருந்தது. அவனுக்கு மானிய நிலம் இருந்தது. தேசகாவல், ஸ்தலகாவல் என்று குடியானவன் கொடுத்த காசு பாளையக்காரர் வீட்டுக்கும் போனது. 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து 20,000 ரூபாய் கேட்டபோது பூலித்தேவர் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்றார். ஹெரானிடம் மதிலை உடைக்கிற பீரங்கி இல்லை, படைக்குச் சாப்பாடும் தட்டுப்பாடு. இது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய துணிச்சலை இது குறைக்காது. எந்தப் படையும் வயிற்றால்தான் நடக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார், நாம் மறந்துவிட்டோம்.

"அப்போ ஒண்டிவீரனும் வெண்ணிக் காலாடியும் சிப்பாயும் ஒண்ணாவே?" என்று கோபப்படலாம். ஒன்றில்லை. அவர்கள் தங்கள் ஊர் வாசலில் நின்று சண்டை போட்டார்கள், சிப்பாய் அடுத்த ஊர் வாசலை உடைக்க வந்தான். வித்தியாசம் அங்கே இருக்கிறது, சோறு வாங்கியதில் இல்லை. சிப்பாய் செய்த கொலைக்கும் கொளுத்தலுக்கும் அவனுக்குப் பொறுப்பு உண்டு. யூசுப்கானுக்கும் உண்டு, மதுரையில் கடைசியில் எதிர்த்து நின்றதால் அது கழிந்துவிடாது. ஆனால் பழியை வரிசைப்படுத்தும்போது ஏவியவனை முதலில் நிறுத்துங்கள் என்கிறேன்.

உலகமும் இதில் நம்மைப் போலத்தான். சுவிட்சர்லாந்தின் தெ மெரோன் ரெஜிமென்ட் 1781இல் டச்சுக் கும்பினிக்காகத் திரட்டப்பட்டு இலங்கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர் அதன் சொந்தக்காரரோடு பேரம் பேசி, படையை மொத்தமாகத் தங்கள் சம்பளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1799இல் அது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றது. மாட்டுச் சந்தையில் கயிறு மாறுவதுபோல ஆயிரம் பேர் மாறினார்கள். 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, கூலிப்படையாள் பிடிபட்டால் போர்க்கைதி என்ற உரிமை கிடையாது என்றது. அடி கடைசி ஆளுக்கு. ஆள் சேர்ப்பவனையும் பணம் போடுபவனையும் சேர்த்துக் குற்றவாளியாக்கும் ஐ.நா. உடன்படிக்கை 1989இல் வந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ், இந்தியா எதுவும் அதில் சேரவில்லை. கூலி கொடுப்பவர்கள் தங்களுக்கு எதிரான தாளில் கையெழுத்துப் போடுவார்களா?

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. நம் மாவட்டப் பக்கத்தைத் திறந்தால் 'கூலிப்படை' என்ற சொல் வராத மாதம் குறைவு. பத்தொன்பது, இருபது வயசுப் பையன்கள் முகம் மூடி வரிசையாக நிற்கிற படம். ஊர், தகப்பன் பெயர், சாதி எல்லாம் வாய்வழியே பரவிவிடும். நாலாவது நாள் செய்தி நின்றுவிடும். காசு கொடுத்தவர் 'முக்கியப் புள்ளி' என்ற இரண்டு சொல்லுக்குள் பத்திரமாக இருப்பார். வழக்கு நடத்தும் செலவுக்குப் பையனின் அம்மா கம்மலை அடகு வைப்பாள்.

அடுத்த செப்டம்பர் 1 அன்று நெற்கட்டும்செவலில் மைக் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூசுப்கானைத் திட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு பால் பென்ஃபீல்டையும் திட்டுங்கள். இந்த மேடைக்கும் ஃபிளெக்ஸுக்கும் வண்டிக்கும் யார் பணம் போட்டார்கள், அந்தப் பையன்களைக் கூட்டிவந்தது யார் என்பதையும் அதே மைக்கில் சொல்லுங்கள்.