வரிசையும் பதற்றமும்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடிக்கு அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையே மூலகாரணம். ஆயினும், பதற்றம் அதனைப் பன்மடங்காக்கியது. சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் அளவெட்டி விவசாயி, நாளை பெற்றோல் கிடைக்காதென அஞ்சினால், இரண்டு லீற்றர் தேவைக்கு ஐந்து லீற்றர் கேட்பார். நிரப்பு நிலையத்தார் அந்த ஐந்தையே உண்மைத் தேவையாகக் கொண்டு எட்டுக்கு விண்ணப்பிப்பார். மேலே செல்லச் செல்லக் கோரிக்கை வீங்கும். தட்டுப்பாடு நீங்கியதும் திடீரெனச் சரியும். 1997இல் ஹௌ லீ முதலிய ஆய்வாளர்கள் விளக்கிய 'சாட்டை விளைவு' இதுவே. பிடியின் சிற்றசைவு நுனியில் பெருவீச்சாகிறது.

2022 ஓகஸ்டில் நாடெங்கும் கியூஆர் முறை நடைமுறைக்கு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என ஒதுக்கப்பட்டபின் வரிசைகள் குறுகின. பங்கு சிறிதாயினும் உறுதியானது என்ற நம்பிக்கைக்கு இதில் பெரும் பங்குண்டு. அளவெட்டி முதல் அக்கரைப்பற்று வரை மக்களைப் பதுக்கல்காரரெனப் பழிப்பதில் பயனில்லை. இருப்பு விபரத்தை ஒளிவுமறைவின்றி அறிவிப்பதே அரசின் கடமை என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.