டிரஸ்டு: தர்மமா? தந்திரமா?

அரியூரில் நாலு காணி நிலமும் சாலையோரம் இரண்டு கடையும் உள்ள ஒருவர், தமக்குப் பின் அவை சிதறாமலிருக்க ஒரு டிரஸ்டு எழுதி வைக்கலாமா என்று கேட்பாரானால், நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். யாரிடமிருந்து காப்பாற்றுவதற்கு?

டிரஸ்டு என்பது மந்திரமல்ல. சொத்தை எழுதி வைப்பவர் ஒருவர், அதைப் பொறுப்பேற்று நடத்துபவர் ஒருவர், பலனை அடைபவர் ஒருவர் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடுதான் அது. சிறு குழந்தைகளுக்கும், தன் காரியத்தைத் தானே பார்க்கமுடியாத பிள்ளைக்கும் இது நல்ல ஏற்பாடு. அதை நாம் குறை கூறவில்லை.

ஆனால், இதில் சாமி எப்படி வந்து சேருகின்றார் என்பதைக் கவனியுங்கள். குடும்பத்தாருக்கென்று எழுதினால், சொத்தை எக்காலத்துக்கும் கட்டிப்போடச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. சாமிக்கு, தர்மத்துக்கு என்று எழுதினாலோ, சூரிய சந்திரர் உள்ளவரை நிற்கும்! நீதிமன்றமும் சாமியைச் சொத்து வைத்துக்கொள்ளக் கூடிய ஒரு ஆளாகவே பாவிக்கின்றது. ஆனால் அந்த ஆள் வாய் திறந்து கணக்குக் கேட்டதுண்டா? ஆகவே, சொத்து சாமிக்கு, சாவி தர்மகர்த்தாவுக்கு என்றாகிவிடுகின்றது.

இதனால் ஏமாறுகிறவர்கள் யார்? முதலில் கடன் கொடுத்தவன். அவனை ஏய்க்கச் செய்த எழுத்தை நீதிமன்றம் தள்ளிவிடலாம். அடுத்தபடி பெண்மக்கள். பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று 1929 இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தபொழுது சிரித்தவர்கள் பலர். 1989 இல் தமிழ்நாட்டிலும், 2005 இல் இந்தியா முழுமைக்கும், பிதுரார்ஜித சொத்தில் மகளுக்குச் சமபங்கு சட்டமாயிற்று. புதுச்சேரியிலோ, 1881 ஆம் வருடத்து உத்தரவின்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களில், தகப்பன் நினைத்தாலும் பிள்ளைகளுக்குரிய பங்கை அடியோடு பறிக்க முடியாது, பெண்ணும் பிள்ளைதான். இவ்வளவுக்குப் பின்னும் மகளுக்குச் சேரவேண்டியதைக் "கட்டளை" என்று எழுதி, மகனைத் தர்மகர்த்தா ஆக்குவது பக்தியா, மோசடியா?

கடவுள் பெயரால் எழுதினால் பத்திரமாயிருக்கும் என்பதும் பொய். பச்சையப்ப முதலியார் 1794 இல் இறக்குமுன் தம் செல்வத்தைக் கோயில் தர்மங்களுக்கு எழுதி வைத்தார். அந்தப் பணம் பொறுப்பாளர்களிடம் சிக்கிப் பல வருடம் சீரழிந்தது. எந்தச் சாமியும் வந்து மீட்கவில்லை; நீதிமன்றமே மீட்டது. மிச்சம் கல்விக்குத் திரும்பி, 1842 இல் பள்ளிக்கூடம் உண்டாயிற்று. அதனாலேயே இன்றும் அவர் பெயர் நிற்கின்றது.

பெரியார் செய்ததையும் பாருங்கள். ஈரோட்டில் பெரும் வியாபாரக் குடும்பத்துச் சொத்துக்கு உரியவர் அவர். இயக்கத்தின் சொத்துக்கென 1952 இல் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தைப் பதிவு செய்தார். சாமிக்கும் எழுதவில்லை, சாதிக்கும் எழுதவில்லை. மனிதன் அறிவு பெறும் வேலைக்கு எழுதினார்.

ஆதலால், தோழர்களே! டிரஸ்டு எழுதுவதானால் முதலில் கடனைத் தீருங்கள். மகளுக்கும் மகனுக்கும் உரியதைக் கொடுத்துவிடுங்கள். மீந்ததைப் பள்ளிக்கோ, வாசகசாலைக்கோ, வைத்தியத்துக்கோ என்று தெளிவாக எழுதுங்கள். குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேரைப் பொறுப்பில் வையுங்கள். வருடந்தோறும் கணக்கை ஊரார் முன் படியுங்கள். கணக்குக் காட்டப் பயப்படுகிறவன் எழுதுவது தர்மமல்ல. ஒளித்து வைக்கும் பெட்டிதான்.