இளைச்சதுக்கும் கணக்கா?

திங்கட்கிழமை காலை. ஆபீஸ் லிஃப்ட் கதவு மூடுற நேரத்துல ஓடிப்போய் ஏறுறேன். உள்ளே ஏழு பேர். ஒருத்தர்கூட குட் மார்னிங் சொல்லலை. "என்னம்மா, இன்னும் இளைச்சுட்டீங்க! என்னதான் பண்றீங்க, எங்களுக்கும் சொல்லக் கூடாதா?" கேட்டது ஒருத்தர்தான். ஆனா ஏழு பேர் பார்வையும் என் இடுப்புல வந்து நிக்குது. நாலாவது மாடி வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம்? அந்த அரை நிமிஷம் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு நிக்கிறேன்.

உங்ககிட்டச் சொல்றேன். அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன்.

2024 ஆகஸ்ட்ல எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்துச்சு. ஸ்லீவ்னு சொல்வாங்க. அப்போ நான் 112 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. 46. ரெண்டு வேளையும் சுகர் மாத்திரை. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும், அதுக்கு ராத்திரி முகத்துல மாட்டிக்கிற சிபேப் மெஷின். பஸ் படி ஏறினாலே முட்டி பிடிச்சுக்கும். டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் தாள்லயே இரைப்பையை வரைஞ்சு, நடுவுல ஒரு கோடு இழுத்தார். "இதுல முக்கால் பங்கு எடுத்துடுவோம்மா. மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய்தான் இருக்கும். பசியைத் தூண்டுற க்ரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது நாம வெட்டி எடுக்கிற பகுதியிலதான்." அந்தத் தாளை இன்னும் வெச்சிருக்கேன். இப்போ நான் 78 கிலோ. மெஷின் பரண்ல கிடக்கு.

சந்தோஷமான விஷயம்தானே? அப்புறம் ஏன் மறைக்கணும்?

அதுக்கு 2024 ஏப்ரலுக்குப் போகணும். அப்போ டெஸ்ட் எல்லாம் எடுத்து முடிச்சு, ஃபைல் என் பையில இருந்துச்சு. அந்த வாரம்தான் சென்னைப் புறநகர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இதே மாதிரி எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் இறந்துபோனான். 26 வயசு. டிவி முழுக்க அதுதான். அரசாங்கம் விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. எங்க ஆபீஸ் டைனிங் டேபிள்லயும் விசாரணை நடந்துச்சு. அந்த ஆஸ்பத்திரியில அவசரத்துக்கு என்ன வசதி இருந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா? இல்லை. "வாயைக் கட்ட முடியாதவங்களுக்கு ஆபரேஷன் ஒரு கேடா?" ஒருத்தர் கேட்டார். "நாலு ரவுண்டு நடந்தா குறையாதா? எல்லாத்துக்கும் குறுக்கு வழி!" இன்னொருத்தர். பெத்தவங்க மார்ல அடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்காங்க, இங்க சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இந்தப் பேச்சு.

என் கை டேபிளுக்குக் கீழே பையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன். இங்க யாருக்கும் இது தெரியக் கூடாது.

குறுக்கு வழியாம். அந்தக் குறுக்கு வழியில நடந்து பார்த்தவளைக் கேளுங்க. முதல் ரெண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம். வடிகட்டின சூப், மோர், இளநீர். அதையும் மடக் மடக்குன்னு குடிக்க முடியாது, மருந்து மாதிரி ஒவ்வொரு மடக்கா. அப்புறம் மிக்ஸியில அரைச்ச பருப்பு சாதம், அதுக்கப்புறம் குழைஞ்ச சாப்பாடு. திட ஆகாரத்துக்கு வரவே ஒன்றரை மாசத்துக்கு மேல ஆச்சு. பி12, இரும்புச்சத்து, கால்சியம், விட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும். மூணாவது மாசம் சீப்புல கொத்துக் கொத்தா முடி. இதுக்கு முன்னால இருபது வருஷம் நேர் வழியில நடக்கலையா நான்? பட்டினி கிடந்தேன், கொள்ளு குடிச்சேன், ஜிம்முக்குப் பணம் கட்டினேன். பத்து கிலோ இறங்கும், பன்னிரண்டு ஏறும். சாப்பாட்டைக் குறைச்சு எடை இறங்கினா உடம்பு அதைப் பஞ்சம்னு எடுத்துக்கும், பசியைக் கூட்டும், செலவழிக்கிற சக்தியைக் குறைக்கும்னு டாக்டர் விளக்கினப்போதான் எனக்கே புரிஞ்சுது. அதுவரைக்கும் எனக்குத்தான் வைராக்கியம் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நினைக்க வெச்சாங்க.

எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சாங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வீட்டுக்கே போய்ப் பார்த்துட்டு வந்தோம். இன்னொரு அக்காவுக்கு முட்டி மாத்தினாங்க. "தைரியசாலி"ன்னு பாராட்டினோம். யாராவது அவர்கிட்டப் போய், எண்ணெய்ப் பலகாரத்தைக் கட்டுப்படுத்தியிருந்தா ஸ்டென்ட் தேவைப்பட்டிருக்காதேன்னு கேட்டாங்களா? கேட்கக் கூடாதுதான். அந்த மரியாதை பருமனா இருக்கிறவங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேங்குது?

ஆபீஸ்ல குடலிறக்க ஆபரேஷன்னு சொல்லி மூணு வாரம் லீவு போட்டேன். பொய் சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இன்ஷூரன்ஸ் இருக்கே! இந்த ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்கணும்னா பி.எம்.ஐ. குறைஞ்சது 40 இருக்கணும், இல்லைன்னா குறைஞ்சது 35 இருந்து கூடவே கடுமையான நோயும் இருக்கணும். அந்தப் பேப்பர் எல்லாம் ஹெச்.ஆர். வழியாத்தான் போகணும். திரும்பி வந்த ரெண்டாவது நாள் ஹெச்.ஆர். தம்பி ஹாலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து சத்தமாச் சொல்றார்: "மேடம், உங்க கிளெய்ம் ஃபார்ம் பிரிண்ட் கொடுத்திருக்கேன், கையெழுத்துப் போட்டுடுங்க." எந்த பிரிண்டர்ல? காபி மெஷின் பக்கத்துல இருக்கிற, எல்லாருக்கும் பொதுவான பிரிண்டர்ல!

தையல் இழுக்க இழுக்க ஓடினேன். டிரேயில மூணாவதா கிடந்துச்சு, இன்னும் சூடு ஆறலை. மேல யாரோட டிராவல் பில்லோ. கீழே என் பேர், என் வயசு, என் எடை, என் ஆபரேஷன் பேர், எல்லாம் கொட்டை எழுத்துல. எனக்கு முன்னாடி அந்த டிரேயை எத்தனை பேர் புரட்டினாங்களோ! இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாராவது என்னைப் பார்த்துச் சிரிச்சா, இவங்கதான் பார்த்தாங்களோன்னு மனசு அடிச்சுக்கும். அந்தத் தம்பி மோசமானவர் இல்லை. அவருக்கு அது ஒரு பேப்பர், அவ்வளவுதான். 2017-லயே சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது நீதிபதிகள் ஒருமனசா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்புச் சொல்லியாச்சு. நாடு அந்த அளவுக்கு மதிக்கிற விஷயத்தைப் பக்கத்து சீட்டுக்காரங்க கொஞ்சமாவது மதிக்க வேண்டாமா?

சாப்பாட்டு நேரம் அதைவிடக் கொடுமை. என் டப்பாவுல நாலு ஸ்பூன் தயிர் சாதம், ஒரு முட்டை. அதைச் சாப்பிட இருபது நிமிஷம் ஆகும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழிச்சுத்தான். "இவ்வளவுதானா? எங்க வீட்டு மீன் குழம்பு, ஒரு வாய் வாங்கிக்கோங்க!" பாசம்தான், இல்லைன்னு சொல்லலை. ஒருநாள் மறுக்க முடியாம ஒரு துண்டு சிக்கனைச் சரியா மெல்லாம முழுங்கிட்டேன். நெஞ்சுக்கூட்டுக்கு நடுவுல கல்லை வெச்சு அழுத்தின மாதிரி வலி. வாய் நிறைய எச்சில் நுரையா ஊறுது. ரெஸ்ட் ரூமுக்கு ஓடி, வாஷ் பேசினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பின்னாடியே வந்த அக்கா முதுகைத் தடவிக்கிட்டே காதுல கேக்குறாங்க: "என்னடி, விசேஷமா?"

எனக்கு 41 வயசு. பத்து வருஷம் குழந்தைக்காக ஏங்கி, ஓய்ஞ்சுபோனவ. அந்தக் கேள்வியோட நான் அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தேன்.

குண்டா இருந்தப்போ என்ன குறைவாவா பேசினாங்க? "சேர் பார்த்து உட்காருங்க." "உங்க சைஸுக்குக் கடையில கிடைக்குதா?" இளைக்க ஆரம்பிச்சதும், "சுகரா? தைராய்டா? நல்லா செக் பண்ணுங்கம்மா, பெரிய வியாதி ஏதாச்சும் இருக்கப் போகுது." 2025 மார்ச்ல எடை குறைக்கிற மௌஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்துச்சு, அதுல இருந்து, "ஊசிதானே? எங்ககிட்ட ஏன் மறைக்கிறீங்க?" பருமனா இருந்தாலும் என் உடம்பு இவங்களுக்குப் பொதுச் சொத்து. இளைச்சாலும் பொதுச் சொத்து. எப்பதான் அது எனக்குச் சொந்தமாகும்?

இதெல்லாம்கூடப் பரவாயில்லைங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிடலாம். என்னைத் தூங்கவிடாத விஷயம் வேற.

பில்லிங் செக்‌ஷன்ல ஒரு பொண்ணு. 25 வயசு இருக்கும். நான் இருந்த மாதிரியே இருப்பா. ஜனவரியில ஒருநாள் தனியா வந்து, "அக்கா, ப்ளீஸ், எப்படிக் குறைச்சீங்க?"ன்னு கேட்டா. எல்லாருக்கும் சொல்ற அதே பொய்யை அவளுக்கும் சொன்னேன். "வாக்கிங்மா. சிறுதானியம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல சாப்பிடுறதில்லை."

ஏப்ரல்ல அவ சீட்லயே மயங்கி விழுந்தா. தண்ணி தெளிச்சு எழுப்பி, அவ டப்பாவைத் திறந்து பார்த்தா, வெள்ளரிக்காய்த் துண்டு கொஞ்சம், தினை உப்புமா ஒரு கைப்பிடி. அதுதான் அன்னைக்கு முழுக்க அவளுக்குச் சாப்பாடு. "நீங்க சொன்னதைத்தான் அக்கா செய்றேன். உங்களுக்கு 30 கிலோ குறைஞ்சுது. எனக்கு மூணு கிலோகூட இறங்கலை. எனக்குத்தான் வைராக்கியம் பத்தலை போல."

என் வாயில இருந்து வந்த பொய், இருபது வருஷமா என்னை அரிச்ச அதே வார்த்தையா அவ வாயில இருந்து வருது. தாங்க முடியுமா?

இது எங்க ரெண்டு பேர் கதை மட்டும் இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-ல எடுத்தாங்க. தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல 100க்கு 40 பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவங்க. எங்க டேபிள்ல பத்துப் பேர் உட்கார்ந்தா நாலு பேர். அந்த நாலு பேருக்கும் முன்னாலதானே அந்த "வாயைக் கட்ட முடியாதவங்க" பேச்சு நடந்துச்சு? அதைக் கேட்டு நான் வாயை மூடினேன். நான் வாயை மூடினதால இவ பட்டினி கிடந்தா. பேசினவங்களுக்கு இதுல ஏதாவது தெரியுமா? அவங்க சாப்பிட்டு, கை கழுவிட்டு எழுந்து போயிட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். வயித்துல இருக்கிற அஞ்சு சின்னத் தழும்பையும் காட்டினேன். எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, முதல்ல டாக்டரைப் பாரு, பட்டினி மட்டும் கிடக்காதேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம நின்னா. அப்புறம் கேட்டா: "அப்போ என் மேல தப்பு இல்லையா அக்கா?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒரு சின்னப் பொண்ணு மொட்டை மாடிக்கு வந்து ஒளிய வேண்டியிருக்கு.

நான் இன்னமும் ஆபீஸ்ல சொல்லலை. சொல்லப் போறதும் இல்லை. யார்கிட்டச் சொல்லணும்ங்கிறது என் உரிமை. ஆனா பொய் சொல்றதை விட்டுட்டேன். கேட்டா, "டாக்டர்கிட்ட வைத்தியம் பார்த்தேன், அதுக்கு மேல சொல்ல விருப்பமில்லை"ன்னு முகத்தைப் பார்த்துச் சொல்றேன். சிலருக்குக் கோபம். பட்டுட்டுப் போகட்டும்.

போன வாரம் யாருக்கோ பிறந்தநாள். வழக்கம்போல ஒரு கை கேக்கோட என் வாய்க்கு நேரா வந்துச்சு. "ஒரே ஒரு வாய், எனக்காக!" நான் பின்னால நகர்றதுக்குள்ள, பக்கத்துல இருந்து ஒரு குரல்.

"அக்கா வேணாம்னா விடுங்களேன்."

அந்தப் பொண்ணுதான். கை தானா கீழே இறங்குச்சு. ஆபரேஷன் முடிஞ்ச இந்தப் பத்து மாசத்துல எனக்காக ஒருத்தர் சொன்ன முதல் வார்த்தை அது.